ஆணியில்லாத கத்தரி, 37.88 சென்டிமீட்டர் அடி: ஜப்பானியக் கைத்தையல் கருவிகளைப் புரிந்துகொள்வது எப்படி?

ஜப்பானியத் தையல் கருவிகளைத் தேடிப் போகிறவரை முதலில் எதிர்கொள்வது குழப்பம்தான். உள்ளங்கையில் அடங்கும் கத்தரியில் நடு ஆணியும் இல்லை, விரல் நுழைக்க வளையமும் இல்லை. ஊசி உறையின் மேல் ‘நான்கின் மூன்று’ என்று அச்சாகியிருக்கிறது. அது நீளமா பருமனா என்ற விளக்கம் எங்கும் இல்லை. மூங்கில் அளவுகோலை எடுத்தால் அதில் ஓர் அடி 37.88 சென்டிமீட்டர். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு கத்தரிகளின் விலையோ பல மடங்கு வேறுபடுகிறது. காரணம் கேட்டால் ‘வெள்ளைத்தாள் எஃகு’, ‘சோஹிசுகுரி’ என்று பழக்கமில்லாத சொற்கள் வந்து விழுகின்றன.

இவற்றைத் தனித்தனிப் புதிர்களாகப் பார்த்தால் விளங்காது. ‘ஜப்பானியரின் நேர்த்தி’ என்று பொதுவாகப் புகழ்ந்துவிட்டு நகர்வது அந்தக் கைவினைக்கு மரியாதையும் ஆகாது. ஒவ்வொரு கருவியும் இப்படி இருப்பதற்குக் கணக்கான காரணம் உண்டு. அந்தக் காரணங்களில் பெரும்பாலானவை கிமோனோவின் ஓர் இயல்பில் போய் முடிகின்றன: அது திரும்பப் பிரிப்பதற்காகவே தைக்கப்படும் உடை.

## துணியிலிருந்து தொடங்குவோம்

ஜப்பானில் கிமோனோ தைக்கும் கலைக்கு ‘வசாய்’ என்று பெயர். மேற்கத்திய உடைத் தையல் ‘யோசாய்’. இரண்டும் வேறு வேறு கலைகள், கருவிகளும் வேறு.

கிமோனோவுக்கான துணி ‘தன்மோனோ’ என்ற குறுகிய சுருளாக நெய்யப்படுகிறது. அகலம் ஏறக்குறைய 36 சென்டிமீட்டர், நீளம் சுமார் 12 மீட்டர். அதை நேர்கோட்டில் மட்டுமே வெட்டுவார்கள்: உடலுக்கு இரண்டு, கைக்கு இரண்டு, முன்பக்க ஒட்டுக்கு இரண்டு, கழுத்துப் பட்டி ஒன்று, அதன் மேலுறை ஒன்று என மொத்தம் எட்டுத் துண்டுகள். அக்குள் வளைவு, தோள் சரிவு என்று எதுவும் கிடையாது. வெட்டில் துணி வீணாவதும் இல்லை.

இதிலிருந்து மூன்று விளைவுகள் வருகின்றன.

1. பழைய முறைப்படி கிமோனோவை நன்றாகத் துவைக்க வேண்டுமானால், தையலைப் பிரித்து, துண்டுகளை மீண்டும் ஒரே நீளத் துணியாக இணைத்து, அலசி, விறைப்பாக இழுத்து உலர்த்துவார்கள். இதற்கு ‘அராய்ஹரி’ என்று பெயர். உலர்ந்த துணி திரும்பத் தைக்கப்படும்.
2. அளவு அதிகமாக இருந்தால் வெட்டி எறிவதில்லை. மிச்சத் துணியைத் தையலுக்குள்ளேயே மடித்து வைப்பார்கள். தாயின் உடை மகளுக்கு அளவு மாற்றித் தைக்கப்படுவது இதனால்தான் முடிகிறது.
3. தையல் துணியைவிட வலுவாக இருக்கக் கூடாது. இழுவிசை வந்தால் முதலில் நூல் அறுந்து கொடுக்க வேண்டும், துணி கிழியக் கூடாது. அடையாளமிட்ட கோடு, ஊசி போன துளை எதுவும் துணியில் தங்கக் கூடாது.

இந்த மூன்றாவது நிபந்தனைதான் கருவிகளைச் செதுக்கியது. துணியில் குறியிட வசாய் கலைஞர்கள் ‘ஹேரா’ என்ற தட்டையான அலகைப் பயன்படுத்தினார்கள். எலும்பிலும் கொம்பிலும், வசதி உள்ளவர்களுக்குத் தந்தத்திலும் செய்யப்பட்டது. இன்று பெரும்பாலும் பிளாஸ்டிக். அழுத்தி இழுத்தால் துணியில் ஒரு மடிப்புக் கோடு விழும். மையோ சுண்ணமோ இல்லை. தைத்து முடித்துத் தேய்த்தால் கோடு மறைந்துவிடும். தேய்ப்பதற்கு ‘கோதே’ என்ற, நீண்ட கைப்பிடியும் சிறிய இலை போன்ற முகமும் கொண்ட இரும்பு. தையல் கோட்டுக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் தள்ளித் துணியை மடித்துப் படிய வைப்பது இதன் முக்கிய வேலை. ‘கிசே’ எனப்படும் அந்த நூலிழை மடிப்பு, தையலை வெளியே தெரியாமல் மறைக்கிறது. இழுவிசை வரும்போது சற்று விட்டுக்கொடுத்து நூலையும் காப்பாற்றுகிறது.

## 37.88 சென்டிமீட்டர் அடி எங்கிருந்து வந்தது?

ஜப்பானின் பழைய நீள அளவு ‘ஷாகு’. அதில் பத்தில் ஒரு பங்கு ‘சுன்’, நூறில் ஒரு பங்கு ‘பு’. குழப்பம் என்னவென்றால் ஷாகு ஒன்றல்ல, இரண்டு. தச்சர்களின் ‘கானேஜாகு’ 30.3 சென்டிமீட்டர். துணிக்காரர்களின் ‘குஜிராஜாகு’ அதைப்போல் 1.25 மடங்கு, அதாவது 37.88 சென்டிமீட்டர். ‘குஜிரா’ என்றால் திமிங்கலம். திமிங்கலத்தின் வாயிலுள்ள வளையும் தகடுகளால் இந்த அளவுகோலைச் செய்ததால் பெயர் அப்படி நிலைத்தது.

1959 ஜனவரி 1 முதல் ஜப்பானில் வணிகத்துக்கு மெட்ரிக் அளவுகள் கட்டாயமாயின. ஷாகு அளவுகோல் விற்பது சட்டமீறலானது. காகிதத்தில் இது எளிய மாற்றம். தையல் அறையில் அப்படியல்ல. தன்மோனோவின் அகலம், கையின் அகலம், கழுத்துப் பட்டியின் இடம் எல்லாம் குஜிராஜாகுவில் முழு எண்களாகவும் அரை எண்களாகவும் மனப்பாடமாக இருந்தவை. மெட்ரிக்கில் மாற்றினால் ஒவ்வோர் அளவும் தசமப் புள்ளியுடன் இழுபடும். 1970களில் வானொலிக் கலைஞர் எய் ரோக்குசுகே இந்தத் தடைக்கு எதிராக வெளிப்படையாக இயக்கம் நடத்தினார். கைவினைஞர்களின் பக்கம் நின்று ஒரு மக்கள் கலைஞர் அளவுகோலுக்காகப் போராடியது சாதாரணச் செய்தி அல்ல. 1977இல் அரசு ஒரு வழி கண்டது: ஒரு சுன்னை ‘ஒரு மீட்டரில் 26.4இல் ஒரு பங்கு’ என்று குறித்தால் குஜிராஜாகுவுக்கு இணையான அளவுகோலை விற்கலாம். கானேஜாகுவுக்கு அது 33இல் ஒரு பங்கு. இன்று வாங்கும் தையல் அளவுகோலில் இந்த விந்தையான பின்னத்தைக் கண்டால், அதன் பின்னே இருக்கும் கதை இதுதான்.

## ஊசி உறையில் உள்ள எண்

‘நான்கின் மூன்று’ இப்போது எளிதாகிவிடும்.

1. முதல் எண் துணியையும் அதற்கேற்ற பருமனையும் குறிக்கிறது. ‘மூன்று’ என்றால் பருத்திக்கான, சற்றுப் பருத்த ஊசி. ‘நான்கு’ என்றால் பட்டுக்கான மெல்லிய ஊசி.
2. இரண்டாவது எண் நீளம். ஒரு சுன்னுக்கு மேல் எத்தனை பு என்று அது சொல்கிறது. ‘மூன்று’ என்றால் ஒரு சுன் மூன்று பு.
3. இங்கே சுன் என்பது துணிக்காரர்களின் சுன் அல்ல, தச்சர்களின் 3.03 சென்டிமீட்டர் சுன். ஆகவே ‘நான்கின் மூன்று’ 39.4 மில்லிமீட்டர் நீளமுள்ள பட்டு ஊசி. ‘நான்கின் இரண்டு’ 36.4 மில்லிமீட்டர்.

மூன்று மில்லிமீட்டர் வேறுபாட்டுக்கு ஏன் தனி எண்? இதற்கு விடை தைக்கும் முறையில் இருக்கிறது. ‘உன்ஷின்’ எனப்படும் ஜப்பானிய ஓட்டுத் தையலில் ஊசி துணிக்குள் ஓடுவதில்லை. துணிதான் ஊசியின் மேல் ஏறுகிறது. வலக்கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் ஊசி முனையருகே பிடித்திருக்க, ஊசியின் காதுப்பக்கம் நடுவிரலில் அணிந்த வளையத்தில் ஊன்றியிருக்கும். இரு கைகளும் துணியை மாறி மாறி மேலும் கீழும் அசைக்கும். முனைக்கும் வளையத்துக்கும் இடையே உள்ள தூரம் தைப்பவரின் விரல் நீளத்தைப் பொறுத்தது. ஊசி நீண்டால் முனை தள்ளாடும். குறைந்தால் துணியில் ஏறாது. ஆகவே அந்த இரண்டாவது எண் உண்மையில் ஒரு கையின் அளவு.

நடுவிரலில் அணியும் அந்த வளையம் ‘யுபினுகி’. விரல் நுனியை மூடும் தொப்பி போன்றது அல்ல. மோதிரம் போல இரண்டாம் கணுவுக்கருகே இருக்கும். தோலிலோ உலோகத்திலோ செய்வார்கள். கானாசாவா நகரத்தில் இதைப் பட்டு நூலால் வடிவ வடிவமாகப் போர்த்திச் செய்யும் ‘காகா யுபினுகி’ தனிக் கலையாகவே வளர்ந்தது. வடகிழக்குப் பகுதியின் சாஷிகோ என்ற அலங்கார ஓட்டுத் தையலுக்கு வேறொரு வகை: தடித்த நூலும் நீண்ட ஊசியும் என்பதால், நடுவிரலின் அடியில் தட்டு போல ஒரு தகடு உள்ளங்கைப் பக்கம் இருக்கும்; அதில் ஊன்றித் தள்ளுவார்கள்.

ஊசியின் காதிலும் வேறுபாடு உண்டு. ஜப்பானிய ஊசிக்கு வட்டக் காது, மேற்கத்திய ஊசிக்கு நீள்காது. பின்னதை ஜப்பானியர் ‘மெரிக்கென் ஊசி’ என்கிறார்கள். ‘அமெரிக்கன்’ என்ற சொல்லின் சிதைவு அது.

ஜப்பானில் தயாராகும் கைத்தையல் ஊசிகளில் மிகப்பெரும் பங்கு ஹிரோஷிமாவிலிருந்து வருகிறது. சுமார் 300 ஆண்டுகளுக்கு முன், ஆசானோ குடியின் ஆட்சியில், வருமானம் குறைந்த சாமுராய் குடும்பங்களின் பக்கத் தொழிலாக அங்கே ஊசி செய்தல் ஊன்றியது. சுகோகு மலைப்பகுதியில் மணலிரும்பை உருக்கும் உலைகள் இருந்தது இயற்கையான அனுகூலம். கியோட்டோவிலோ, சான்ஜோ பகுதியின் மிசுயா ஊசிகள் 17ஆம் நூற்றாண்டிலிருந்து பெயர் பெற்றவை. ‘மிசு’ என்றால் மூங்கில் திரைச்சீலை. அதன் மறைவில் இருந்து ஊசி செய்ததால் அந்தப் பெயர் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

நல்ல ஊசியை அறிய முனையை மட்டும் பார்த்தால் போதாது. உடல் நெடுகிலும் நீளவாக்கில் மெருகிட்டிருந்தால் துணியில் உராய்வு குறையும். காதின் உட்சுவர் கரடாக இருந்தால் ஒவ்வொரு தையலிலும் நூல் சிறிது சிறிதாகத் தேய்ந்து பஞ்சாகும். வெப்பம் தந்து பதப்படுத்தியது சரியாக இருந்தால் ஊசி வளைந்து நிமிரும். மிகையாக விறைத்தது ஒடியும், குறைவாக விறைத்தது வளைந்தபடியே கிடக்கும். பழைய ஊசிமெத்தைகளுக்குள் முடியை அடைத்து வைத்தார்கள். முடியிலுள்ள எண்ணெய்ப் பசை ஊசியைத் துரு பிடிக்காமல் காத்தது.

## தைப்பவரின் மூன்றாவது கை

வசாய் தரையில் அமர்ந்து செய்யும் வேலை. நீளமான நேர்கோட்டுத் தையலுக்குத் துணி விறைப்பாக இருக்க வேண்டும். ஆனால் இரண்டு கைகளும் ஊசியில். இதற்காகவே ‘குகேதாய்’. தொடைக்கு அடியில் செருகி அமரும் ஒரு பலகை, அதன் முனையில் செங்குத்தான மரத்தண்டு, தண்டின் உச்சியில் ஊசிமெத்தை. தண்டிலிருந்து கயிற்றில் ‘காகேஹாரி’ என்ற கவ்வி தொங்கும். துணியின் ஒரு முனையைக் கவ்வி பிடித்துக்கொள்ள, மறுமுனையை இடக்கை இழுத்துப் பிடிக்கும். தைப்பவரின் உடல் எடையே கருவியை நிலைநிறுத்துகிறது. ஒரு திருகுகூட இல்லாமல், மடித்து மூலையில் வைக்கக்கூடிய இந்தப் பொருளைப் போல் என்னைக் கவர்ந்த தையல் கருவி வேறில்லை.

## ஆணியில்லாத கத்தரி

இந்தச் சிறு கத்தரிக்குப் பெயர் ‘நிகிரிபாசாமி’. பிடித்து அழுத்தும் கத்தரி என்று பொருள். ஒரே இரும்புப் பட்டை நடுவில் வளைந்து, இரு முனைகளும் அலகுகளாக எதிரெதிரே நிற்கின்றன. அழுத்தினால் வெட்டும், விட்டால் வளைவின் விறைப்பே அலகுகளைத் திறந்துவிடும். பரவலாகக் கிடைப்பது 10.5 சென்டிமீட்டர் அளவு.

வடிவம் ஜப்பானில் பிறந்ததல்ல. பழைய கிரேக்க, ரோமானிய உலகில் வழங்கியது. சீனா வழியாக ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே ஜப்பானை அடைந்தது. பிற நாடுகளில் ஆணிவைத்த கத்தரி வந்ததும் இது ஆட்டு மயிர் கத்தரிக்கும் வேலைக்குள் ஒதுங்கியது. ஜப்பானில் மட்டும் தையல் பெட்டியில் நிலைத்தது ஏன்? மறுபடியும் துணியிடம்தான் போக வேண்டும். கிமோனோவில் துணி வெட்டு மிகக் குறைவு, அதுவும் நேர்கோடு. அதற்குத் துணி வெட்டும் தனிக் கத்தி இருந்தது. தைக்கும்போது திரும்பத் திரும்ப வெட்ட வேண்டியது நூலை மட்டும். பிரிக்கும்போதும் அப்படியே. விரல்கள் ஊசியில் இருக்க, உள்ளங்கையிலேயே ஒதுங்கிக் கிடக்கும் கத்தரி இந்த வேலைக்குக் கச்சிதம்.

ஹியோகோ மாநிலத்தின் ஓனோ நகரம் இந்தக் கத்தரிகளுக்குப் பேர்போனது. அரிவாள், சவரக்கத்தி, மணிச்சட்டம் ஆகியவற்றுக்கும் அது பெயர் பெற்ற ஊர். ‘பான்ஷு’ என்பது அந்தப் பகுதியின் பழைய பெயர். ‘பான்ஷு வெட்டுக்கருவிகள்’ என்ற பெயரில் அவை இன்று வெளிநாடுகளுக்கும் போகின்றன.

செய்யும் முறையில் ஒரு நுட்பமான சிக்கல் இருக்கிறது. அலகு கடினமாக இருக்க வேண்டும். வளைவு விட்டுக்கொடுத்து மீள வேண்டும். ஒரே உலோகத்தால் இரண்டும் ஆகாது. ஆகவே தேனிரும்புப் பட்டையின் இரு முனைகளில் மட்டும் எஃகுத் துண்டை வைத்து, உலையில் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து ஒட்ட வைக்கிறார்கள். எஃகு முனைகளைப் பழுக்கக் காய்ச்சித் தோய்க்கும்போது அவை கடினமாகும். தோய்ப்பதால் விறைக்காத தேனிரும்பு, குளிர்ந்த நிலையில் தட்டித் தட்டியே வில்லின் குணம் பெறுகிறது. கடைசியில் வளைத்து, இரு அலகுகளும் அடியிலிருந்து நுனி வரை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்லும்படி சிறு சுத்தியலால் திருத்துவார்கள். கைத்தேர்ச்சியின் பெரும்பங்கு இந்தத் திருத்தத்தில்தான் இருக்கிறது. அச்சில் வார்த்து எடுக்கக்கூடிய விஷயம் அல்ல இது.

## வாளிலிருந்து துணிக் கத்தரிக்கு

பெரிய தையல்காரர் கத்தரிக்கு ஜப்பானில் ‘ரஷாகிரி பாசாமி’ என்று பெயர். ‘ரஷா’ என்பது கம்பளித் துணியைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது. பெயரே அதன் வரலாறு: மேற்கத்திய உடையோடு வந்த கருவி. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நாடு வெளியுலகுக்குத் திறந்தபின் வந்த கத்தரிகள் ஜப்பானியக் கைகளுக்குக் கனத்தவை. வாள் கொல்லராகப் பழகிய யோஷிதா யாஜூரோ அதைச் சிறிதாக்கி, கைக்கேற்ற வளைவு தந்து செய்தார். அவர் வழியில் பழகிய சீடர்களால் தோக்கியோ அந்தத் தொழிலின் மையமானது. 1876இல் பொது இடத்தில் வாள் அணிவதற்கு வந்த தடையும் இதற்குத் துணை நின்றது. வேலை இழந்த வாள் கொல்லர்கள் கத்தி, அரிவாள், கத்தரி என்று திரும்பினார்கள்; எஃகையும் தேனிரும்பையும் ஒட்டும் வித்தை அவர்களோடு வந்தது.

நல்ல கத்தரியை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இரு அலகுகளுக்கும் இடையே மெல்லிய இடைவெளி தெரியும். அது குறை அல்ல. அலகுகள் சற்று வளைந்தும் உட்பக்கம் குழிந்தும் இருப்பதால், எந்தக் கணத்திலும் அவை ஒரே ஒரு புள்ளியில் மட்டும் தொடுகின்றன. கைப்பிடியை மூட மூட அந்தப் புள்ளி ஆணியருகிலிருந்து நுனிக்கு நகர்கிறது. பட்டுத் துணி நழுவாமல் நுனி வரை அறுபடுவது இதனால்தான்.

இதன் விளைவுகள் வாங்குபவருக்கு நேரடியாக உதவும்.

1. உட்பக்கத்தைச் சாணைக்கல்லில் தட்டையாகத் தேய்த்தால் குழிவு போய்விடும். அதன்பின் கத்தரி துணியைக் கடிக்கும், வெட்டாது. தீட்ட வேண்டியது வெளிச்சரிவு.
2. ஒருமுறை கீழே விழுந்தாலே வளைவின் கணக்கு கெடலாம். முனை உடையவில்லை என்பதால் கத்தரி நலம் என்று எண்ணிவிடக் கூடாது.
3. காகிதத்தில் கலந்துள்ள களிமண், சுண்ணத் துகள்கள் கூர்மையை விரைவில் மழுக்கும். துணிக் கத்தரியால் காகிதம் வெட்டக் கூடாது என்ற வீட்டுச் சண்டை முற்றிலும் நியாயமானது.
4. இடக்கைக்காரர்களுக்குக் கைப்பிடி மாற்றினால் போதாது, அலகுகளே இடம் மாற வேண்டும். வலக்கையின் அழுத்தம் அலகுகளைச் சேர்க்கும் திசையில் அமைந்த கத்தரியை இடக்கையில் பிடித்தால் அதே அழுத்தம் அவற்றைப் பிரிக்கும்.

## விற்பனைச் சொற்களின் பொருள்

‘வெள்ளைத்தாள்’, ‘நீலத்தாள்’ எஃகு: ஷிமானே மாநிலத்தின் யாசுகியில் செய்யப்படும் உயர் கரிம எஃகு வகைகள். எஃகின் நிறத்துக்கும் பெயருக்கும் தொடர்பில்லை. பிரித்தறிய ஒட்டிய தாளின் நிறமே பெயரானது. வெள்ளையில் இரும்பும் கரியுமே பிரதானம். கூர் எளிதில் வரும். நீலத்தில் குரோமியமும் டங்ஸ்டனும் சேர்ந்திருப்பதால் கூர் நீடிக்கும், தீட்ட நேரம் பிடிக்கும். இரண்டும் துருப்பிடிக்கும். ‘நீலம் உயர்ந்தது’ என்று விலையை மட்டும் வைத்து முடிவு கட்டுவது தவறு.

‘சோஹிசுகுரி’: அலகு முதல் விரல் வளையம் வரை முழுவதும் உலைக்களத்தில் அடித்து உருவாக்கியது. இன்று பெரும்பாலான கத்தரிகளில் கைப்பிடி தனியாக வார்க்கப்பட்டு ஒட்டப்படுகிறது. வெட்டும் தரத்தில் அவை பல நேரம் குறைந்தவையும் அல்ல. சோஹிசுகுரியின் விலை, கட்டை இரும்பிலிருந்து வளையத்தை இழுத்து எடுக்கும் அரிய திறனுக்கானது. அத்திறன் உள்ளவர்களை இன்று விரல்விட்டு எண்ணிவிடலாம்.

## இனி யார் செய்வார்கள்?

அன்றாட உடையாகக் கிமோனோ விலகியது முதல் அடி. கிமோனோ தையலின் கணிசமான பகுதி வியட்நாமுக்குப் போனது அடுத்தது. கையால் தைக்கும் வேலை அங்கே தொடர்கிறது. ஆனால் தைப்பவரும் கருவி செய்பவரும் ஒரே ஊரில், ஒருவர் குறையை மற்றவர் திருத்தி வாழ்ந்த உறவு அறுந்துவிட்டது. கத்தரி சரியாக வெட்டவில்லை என்று கொல்லரிடம் எடுத்துப்போய்க் காட்டும் கைதான் அவரது ஆசான். அதை இழப்பதை எஃகின் தட்டுப்பாட்டைவிடப் பெரிய ஆபத்தாக நான் கருதுகிறேன். ஓனோவின் நிகிரிபாசாமி பட்டறைகள் சிலவே எஞ்சியிருக்கின்றன. அங்கே இளைஞர்கள் பழக வருவதற்கு, வெளிநாட்டில் கைத்தையல் செய்வோர் தரும் தேவை ஓரளவு காரணம்.

‘காதற்ற ஊசி’ என்றால் எதற்கும் உதவாதது என்பது நம் வழக்கு. ஜப்பானில் அந்தக் காதற்ற ஊசிக்கென்றே ‘ஹரிகுயோ’ என்ற சடங்கு நடக்கிறது. தோக்கியோ பக்கத்தில் பிப்ரவரி 8, கியோட்டோவின் ஹோரின்ஜி கோயிலில் டிசம்பர் 8. முறிந்த, வளைந்த ஊசிகளைப் பெண்களும் தையல் மாணவர்களும் கொண்டுவருகிறார்கள். ஆண்டு முழுவதும் கடினத் துணிகளைத் துளைத்துக் களைத்த ஊசிக்கு ஓய்வு வேண்டும் என்று, மெத்தென்ற தோஃபு கட்டியிலோ கொன்னியாகு என்ற கிழங்குக் கூழ்க்கட்டியிலோ குத்திவைக்கிறார்கள். தோக்கியோ சென்சோஜி கோயிலின் அவாஷிமா மண்டபத்தில் பிப்ரவரிக் குளிரில் இதைக் காணலாம்: வெள்ளைத் தோஃபுவின் மேல் நூற்றுக்கணக்கான ஊசிகள், பல வண்ணத் தலை கொண்ட குண்டூசிகளும் அவற்றோடு.